ஆட்டக்காரன் தொழிலாளி இல்லையாம்!

தாண்டிக்குடியில் ஒரு டீக்கடை. காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காக ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் அங்கேதான் காத்து நிற்பார்கள். சங்க சந்தா வசூலுக்குப் போயிருந்த நாமும் அங்கே நின்றோம். நாலைந்து வாலிபர்கள் ஒரு செல்போனைச் சுற்றி நின்றுகொண்டு சிரித்த சிரிப்பில் கடையே அதிர்ந்தது. எட்டிப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்ற ஐஸ் தளம். அதன் மேல் இரண்டு ஆஜானுபாகுவான ஆட்கள். கையிலிருந்த மட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். நடுவர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"பாத்தீங்களாண்ணே! ஐஸ் ஹாக்கியாம். இப்படி அடிச்சுக்கிறதுக்குக் கோடிக்கணக்குல சம்பளம் குடுக்குறாய்ங்க. கொடுத்து வச்சவய்ங்க."

இன்னொரு தம்பி சொன்னான்: "நம்ம ஊரு ஹாக்கி மட்டும் என்னவாம்? 2024-ல ஏலம் விட்டாங்களே, ஹர்மன்பிரீத் சிங்கு 78 லட்சத்துக்குப் போனாரு. நீங்க எப்பப் பாத்தாலும் சங்கம் சங்கம்ங்கிறீங்க. ஆட்டக்காரனுக்கு எதுக்குண்ணே சங்கம்? அவன் என்ன தொழிலாளியா?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அந்தத் தம்பிக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறோம். அவனோடு நமக்குச் சண்டையில்லை. இந்தக் கேள்வி அவன் வாயில் பிறந்ததுமல்ல. பட்டணத்துப் பத்திரிகைகளும் டெலிவிஷன் கனவான்களும் பல்லாண்டுகளாக ஓதிவரும் மந்திரம் இது. 'விளையாட்டு என்பது இன்பம். இன்பத்துக்குக் காசும் கொடுக்கிறோம். அப்புறம் என்ன உரிமை, என்ன நஷ்ட ஈடு?' என்பதே அந்த மந்திரம். இதே மந்திரத்தை முன்பு பள்ளிக்கூட வாத்தியார்களிடம் 'தர்ம காரியம்' என்று சொன்னார்கள். கோயில் மேளக்காரரிடம் 'பகவான் கைங்கரியம்' என்று சொன்னார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் 'நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்று இன்றும் சொல்கிறார்கள். கூலியைக் குறைக்க வேண்டிய இடத்தில்தான் இந்த இனிப்பு வார்த்தைகள் வரும்!

சரி, அந்த ஐஸ் மேல் நிற்கும் ஆள் யார்? அவனுடைய பிழைப்பு என்ன? ஒரே ஒருவருடைய கதையைச் சொல்கிறோம். பெரிய நட்சத்திரத்தின் கதை அல்ல.

ஸ்டீவ் மான்டடோர் என்பது அவர் பெயர். கனடாக்காரர். 1979 டிசம்பரில் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர், நம் ஊர்ப் பையன்கள் சொல்கிறபடி 'பேக்'. ஐஸ் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் தளத்தில் நிற்பார்கள். கோல்கீப்பர் ஒருவர், முன்னே மூவர், இடையில் பேக் இருவர். பந்து கிடையாது. 170 கிராம் எடையுள்ள கட்டி ரப்பர் வட்டு. அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வட்டுக்கு முன்னால் தன் காலையும் மார்பையும் கொடுத்து நிறுத்துவது பேக்கின் வேலை. பாய்ந்து வரும் எதிராளியைத் தோளால் இடித்துப் பக்கச் சுவரில் மோதவைப்பதும் அவன் வேலை. அந்த இடி அவனுக்கும் விழும். கோல் போட்டவன் படம்தான் பத்திரிகையில் வரும். இவன் படம் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரும்.

அந்த ஆட்டத்தின் பெரிய லீகுக்கு தேசிய ஹாக்கி லீக் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் முதலாளிகள் கூடி உட்கார்ந்து இளம் பையன்களைப் பெயர் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எந்த முதலாளியின் பட்டியலிலும் மான்டடோர் பெயர் வரவில்லை. 2000-ல் கால்கரி என்ற ஊர்க் குழு அவரை எடுத்து, நேரே தன் கீழ்க்குழுவுக்கு அனுப்பியது. மேலே எவனுக்காவது கால் உடைந்தால் 'வா' என்று தகவல் வரும். அவன் தேறிவிட்டால் 'போ' என்று தகவல் வரும். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கோவையிலும் ஆலை வாசலில் பதிலி அட்டையோடு நின்ற நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஷிப்டுக்கு ஆள் வராத நாளில் பதிலிக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் பதிலி வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும்.

2004-ல் கால்கரி குழு இறுதிப் பந்தயம் வரை போனது. அந்த வழியில் கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு ஊரையே ஆடவைத்தவர் இதே மான்டடோர். அடுத்த வருஷம் என்ன நடந்தது? முதலாளிகள் கதவடைத்தார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டியே தீருவோம் என்று பிடிவாதம் பிடித்து 2004-05 பருவம் முழுவதையும் ரத்து செய்தார்கள். ஆம் தோழர்களே, கதவடைப்பு! 'ஆட்டம்', 'இன்பம்' என்று பேசியவர்கள் ஆலை முதலாளியின் அதே பூட்டை எடுத்து அதே கதவில் மாட்டினார்கள். மான்டடோர் பிழைப்பு தேடி பிரான்சு தேசத்து முலூஸ் நகரத்துக்குப் போய் ஆடினார். பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன ஊர் அது.

திரும்பி வந்தபின் அவரைப் புளோரிடாவுக்கு மாற்றினார்கள். பிறகு அனாஹைம். அங்கிருந்து 2009 மார்ச்சில் பாஸ்டன். பின்பு பபலோ. 2011-ல் சிகாகோ. கால்கரியையும் சேர்த்தால் ஆறு குழுக்கள், 571 பந்தயங்கள். இதிலே சில இடங்களுக்கு அவரே ஒப்பந்தம் பேசிப் போனார். சில இடங்களுக்கு ஒரு டெலிபோன் தகவல்தான்: 'நீ இனி அந்த ஊர்.' அரிசி மூட்டைக்காவது எந்த லாரியில் ஏறுகிறோம் என்று தெரிய வேண்டியதில்லை. மனிதனுக்கு வீடு இருக்கிறது, சினேகிதர்கள் இருக்கிறார்கள். இப்படி ஊர் ஊராய் மாற்றப்படும் ஆட்டக்காரர்களே அந்த லீகில் பெரும்பாலோர். இவர்கள் இல்லாமல் பந்தயமே நடக்காது.

அடி விழுந்துகொண்டே இருந்தது. தலையில் விழுந்த அடி. சிகாகோவில் 2012-ல் மூளை அதிர்ந்து படுத்தவர், அந்த ஆண்டுக்குப் பின் பெரிய லீகில் ஆடவேயில்லை. 2013-ல் ஒப்பந்தத்துக்கு ஒரு தொகை கட்டிக் கணக்கு முடித்தார்கள். நம் ஆலைகளில் 'விருப்ப ஓய்வு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த ஜாதி. பிறகும் அவர் ஓயவில்லை. குரோவேஷியா தேசத்து ஜாக்ரெப் குழுவில் கொஞ்ச காலம் ஆடினார். 2015 பிப்ரவரியில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. நாலு நாள் கழித்து அவருடைய மகன் பிறந்தான்.

அவருடைய மூளையை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் மூளைச் சிதைவு நோய் அதில் இருந்தது என்று 2015 மே மாதம் அறிவித்தார்கள். ஞாபகம் போகும், தூக்கம் போகும், மனம் சோர்ந்து இருண்டுபோகும் நோய். அந்த ஆண்டு டிசம்பரில் குடும்பத்தார் லீக் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பழைய ஆட்டக்காரர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். லீக் என்ன சொன்னது? ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. 2018 நவம்பரில் அந்தப் பழைய ஆட்டக்காரர்களோடு ஒரு ராஜி ஆயிற்று. மொத்தம் 1 கோடியே 89 லட்சம் டாலர். ராஜிக்கு வந்த முன்னூற்றுச் சொச்சம் பேருக்கு ஆளுக்கு 22,000 டாலர். அன்றைய மாற்று விலையில் சுமார் 16 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கும் ஏதோ ஏற்பாடு. குற்றத்தை மட்டும் லீக் ஒப்புக்கொள்ளவில்லை. 'பணம் தருகிறோம், ஆனால் எங்கள் மேல் தப்பில்லை!' என்னே பெருந்தன்மை!

இந்த வசனத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதா? வேறெங்குமில்லை, கொடைக்கானலில் கேட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் வடகோடியில், கனடா எல்லைக்குச் சமீபத்தில் வாட்டர்டவுன் என்றொரு ஊர் உண்டு. பனி கொட்டும் பூமி, ஐஸ் ஹாக்கி பூமி. அங்கே ஜுர மானி செய்யும் ஆலை ஒன்று இருந்தது. 1983-ல் அந்த ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில், பாம்பார் சோலைக்கு மேலே நிறுத்தினார்கள். முதலில் பாண்ட்ஸ் பெயரில், பிறகு இந்துஸ்தான் லீவர் கையில். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கான ஜுர மானிக்குள் பாதரசம் ஊற்றியவர்கள் நம் பழனி மலை வாலிபர்கள், பெண்கள். 'குளிர்ந்த ஊரில் கம்பெனி உத்தியோகம், கொடுத்து வைத்தவர்கள்' என்று அப்போதும் ஊர் சொன்னது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது அம்பலமாயிற்று. 7.4 டன்! ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. கழிவுக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைக்கவில்லை. சிறுநீரகம் கெட்டது, நரம்பு தளர்ந்தது என்று சொன்ன தொழிலாளிகளிடம், 'அதற்கும் ஆலைக்கும் தொடர்பில்லை' என்றே நிர்வாகம் சாதித்தது. தொழிலாளிகள் சங்கம் கட்டி, ஊர்வலம் போய், சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். 2016 மார்ச்சில், ஆலை மூடிப் பதினைந்து வருஷம் ஆன பின், 591 பேருக்கு ராஜித் தொகை வந்தது. அதிலும் 'மனிதாபிமான அடிப்படையில்' என்று ஒரு முத்திரை!

பனிக்கட்டி மேல் நிற்பவனும், பாதரசக் கூடத்தில் நின்றவரும், பஞ்சுத் தூசியில் நுரையீரலைக் கொடுத்தவரும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறார்கள். உடம்பை விற்றுப் பிழைக்கிறவன் தொழிலாளி. அவன் கையில் மட்டை இருந்தால் என்ன, மண்வெட்டி இருந்தால் என்ன?

'அப்படியானால் அந்த ஆட்டக்காரர்கள் ஏன் சங்கம் வைக்கவில்லை?' என்று கேட்பீர்கள். வைத்தார்கள். அந்தக் கதையைத்தான் பட்டணத்துப் பத்திரிகைகள் நமக்குச் சொல்வதில்லை.

1950-களில் அந்த லீகில் ஆறே குழுக்கள். மொத்தம் ஏறக்குறைய 120 பேருக்கு வேலை. வெளியே கீழ் லீகுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் பதிலியாகக் காத்திருந்தார்கள். பதினெட்டு வயதில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்த முதலாளி விடுவிக்கும் வரை வேறு எவரிடமும் ஆட முடியாது. வத்தலக்குண்டு, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி நம் கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு அடைத்து வைத்தார்களே, அவர்களுக்காவது மூன்று வருஷம் என்று ஒரு கெடு இருந்தது. இவர்களுக்குக் கெடுவே இல்லை.

1957 பிப்ரவரியில் ஆட்டக்காரர்கள் சங்கத்தை அறிவித்தார்கள். டெட்ராய்ட் குழுவின் டெட் லிண்ட்சே தலைவர். குழுவுக்கு ஒருவராக முன்னே வந்து நின்றவர்கள் ஆறு பேர். லிண்ட்சே ஒருவரைத் தவிர மற்ற ஐவரும் பேக்குகள்: டக் ஹார்வி, ஃபெர்ன் ஃபிளாமன், கஸ் மார்ட்சன், பில் காட்ஸ்பி, ஜிம்மி தாம்சன். அடியை மார்பில் வாங்கிப் பழகியவர்கள் முன்னே நின்றதில் நமக்கு ஆச்சரியமில்லை. கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. 'ஓய்வூதிய நிதிக்கு வருஷம் 900 டாலர் எங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கிறீர்களே, அந்தக் கணக்கைக் காட்டுங்கள்' என்றார்கள். அவ்வளவுதான்.

முதலாளிகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! லிண்ட்சே அந்தப் பருவத்தில்தான் தம் வாழ்நாளிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்திருந்தார். அந்தக் கோடையிலேயே அவரை சிகாகோவுக்குத் தள்ளினார்கள். அப்போது சிகாகோ கடைசி இடத்தில் கிடந்த குழு. தாம்சனும் டொரண்டோவிலிருந்து அதே சிகாகோவுக்கு விற்கப்பட்டார். டெட்ராய்டின் முதலாளி புரூஸ் நாரிஸ். சிகாகோவின் முதலாளி, அதே தகப்பனாருக்கு வேறு தாயிடம் பிறந்த அவருடைய மூத்த சகோதரர் ஜேம்ஸ் நாரிஸ். தம்பி ஆலையிலிருந்து அண்ணன் ஆலைக்கு மாற்றல்! அந்தக் குடும்பத்தின் சொத்து எதிலே சேர்ந்தது தெரியுமா? தானிய வியாபாரத்தில். விவசாயத் தொழிலாளி தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்களே மிரட்டலுக்குப் பயந்து சங்கத்தை விட்டு விலகினார்கள். சங்கம் சரிந்தது. ஆனாலும் 1958-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,000 டாலர் என்று முதலாளிகள் எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. சங்கம் உயிரோடு இருந்தது சில மாதமே. அந்தச் சில மாதமும் வீண் போகவில்லை.

டக் ஹார்வியின் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அவருக்கு நிகரான தடுப்பாட்டக்காரர் கிடையாது. சிறந்த பேக் என்ற பரிசை ஏழு முறை வாங்கியவர். அந்தப் பரிசின் பெயர் என்ன? நாரிஸ் பரிசு! சங்கத்தை உடைத்த அதே குடும்பத்தின் தகப்பனார் பெயர். 1961-ல் அந்தப் பரிசை வாங்கிய கையோடு மான்ட்ரியல் குழு அவரை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டது. சங்கத்தில் நின்றதே காரணம் என்பது ஹார்வியின் நம்பிக்கை. 1963-க்குப் பிறகு அவரும் ஊர் ஊராய்ப் போகும் ஆட்டக்காரரானார். கியூபெக், பால்டிமோர், பிட்ஸ்பர்க், கான்சாஸ் நகரம், செயின்ட் லூயிஸ் என்று 44 வயது வரை ஓடினார். கடைசிக் காலத்தில் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றில் குடியிருந்தார். 1973-ல் 'புகழ் மண்டபத்தில்' சேர்த்தபோது விழாவுக்கு அவர் போகவில்லை.

அடுத்தது ஸ்பிரிங்பீல்டு. கீழ் லீக் குழு ஒன்றின் ஊர். அதன் முதலாளி எட்டி ஷோர். தம் காலத்தில் மகத்தான பேக். நம்மிலிருந்து மேஸ்திரியானவன் நம்மை மற்றவரைவிட அதிகமாக அடிப்பான் என்று மலையில் சொல்வார்கள். ஷோர் அந்த வகை. ஆடாத நாளில் ஆட்டக்காரர்களை அரங்க நாற்காலிகளுக்குப் பெயிண்ட் அடிக்கவைத்தார், சோளப்பொரி விற்கவைத்தார். 1966 டிசம்பரில், 'அக்கறையாக ஆடவில்லை' என்று குற்றம் சாட்டி மூன்று பேக்குகளைச் சம்பளமின்றி சஸ்பெண்டு செய்தார்: பில் ஒயிட், டேல் ரோல்ஃப், டேவ் அமாடியோ. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 'அவர்கள் இல்லாமல் நாங்களும் ஆட மாட்டோம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய லீக் நட்சத்திரங்கள் செய்யத் தயங்கியதைக் கீழ் லீக் கூலிகள் செய்துகாட்டினார்கள். 1967-ல் ஷோர் நிர்வாகத்தை விட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆட்டக்காரர்கள் சங்கம் மறுபடி பிறந்தது, இம்முறை நிலைத்தது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்பிரிங்பீல்டு தோழர்களுக்காகப் பேசிய வக்கீல் ஆலன் ஈகிள்சன் அந்தச் சங்கத்துக்கு நிர்வாகியானார். கால் நூற்றாண்டு நாற்காலியை விடவில்லை. ஒரே நேரத்தில் சங்க நிர்வாகி, ஆட்டக்காரர்களின் தரகர், முதலாளிகளின் விருந்தாளி! கணக்குக் கேட்டவர்களை அதட்டி உட்காரவைத்தார். கடைசியில் 1998-ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கணக்குக் காட்டாத தலைவன் எங்கே இருந்தாலும் அவன் முதலாளியின் ஆள்தான். இதை நம் சங்கங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். யாருக்கு உறுத்துகிறதோ உறுத்தட்டும்.

அவரை விடாமல் துரத்தியவர் யார்? மறுபடியும் ஒரு பேக். கார்ல் புரூவர். டொரண்டோ, பின்லாந்து, டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ் என்று சுற்றிய மனிதர். ஓய்வூதிய நிதியில் மிஞ்சிய பணம் எங்கே என்று 1991-ல் வேறு சில பழைய ஆட்டக்காரர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். 1992-ல் ஒன்டாரியோ நீதிமன்றத்தில் ஜெயித்தார். முதலாளிகள் மேலே மேலே முறையிட்டுப் பார்த்து 1994-ல் தோற்றார்கள். 4 கோடி டாலருக்கு மேல் கிழட்டு ஆட்டக்காரர்களின் கைக்கு வந்தது. 1957-ல் லிண்ட்சேயும் ஹார்வியும் கேட்ட அதே கணக்கு, 35 வருஷம் கழித்து! ஈகிள்சனின் தில்லுமுல்லுகளைத் தோண்டி எழுதிய ரஸ் கான்வே என்ற நிருபர், அமெரிக்காவில் லாரன்ஸ் நகரத்துப் பத்திரிகைக்காரர். 1912-ல் பஞ்சாலைத் தொழிலாளிகள், பெண்களும் பிள்ளைகளுமாக, மாபெரும் வேலைநிறுத்தம் நடத்திய அதே லாரன்ஸ்.

'சோவியத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது?' என்று ஒரு கனவான் குறுக்கே கேட்பார். கேட்கட்டும். அங்கே ஃபெடிசோவ் என்ற உலகப் புகழ்பெற்ற பேக்கும் சகாக்களும் ஆண்டில் பத்துப் பதினோரு மாதம் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது உண்மை. பயிற்சியாளரை எதிர்த்துப் பகிரங்கமாகப் போராடியே 1989-ல் அவர் வெளிநாடு போக முடிந்தது. ஆட்டக்காரனை அடைத்து வைப்பது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அடைப்புத்தான். அதற்காக நாரிஸ் குடும்பத்துக்கு நாம் மாலை போட முடியுமா?

இனி நம் ஊர் ஹாக்கிக்கு வருவோம். கோவில்பட்டியைப் பாருங்கள். லட்சுமி ஆலையும் தீப்பெட்டித் தொழிலும் உள்ள அந்த ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு இல்லை. அங்கே பயின்ற பையன்கள் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கான பையன்கள்? ரயில்வேயிலோ போலீசிலோ பாங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்று தவம் கிடக்கிறார்கள். 2012-ல் தனியார் சிலர் 'உலகத் தொடர் ஹாக்கி' என்று தம்பட்டம் அடித்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதில் ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாது என்று ஹாக்கி இந்தியா அமைப்பு ஒரு பக்கம் மிரட்டியது. இன்னொரு பக்கம் ஆடியவர்களின் சம்பளம் பாக்கி நின்றது. ஒரே பருவத்தோடு கடை மூடப்பட்டது. 2013-ல் வந்த ஹாக்கி இந்தியா லீகும் 2017-க்குப் பிறகு ஏழு வருஷம் காணாமல் போய், 2024 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. அந்த ஏழு வருஷத்தில் ஒரு பேக்கின் முழங்கால் தேய்ந்து போகாதா? பதினெட்டு வயதுப் பையனுக்கு இருபத்தைந்து ஆகிவிடாதா?

அந்த 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத்துக்கு 78 லட்சம் என்பது மெய்யே. அவர் திறமைக்கு அது தகும். அவர்மேல் நமக்குப் பொறாமையில்லை. அதே ஏலத்தில் அடிப்படை விலை 2 லட்சம் என்றும் ஒரு பட்டியல் இருந்தது. அந்த விலைக்கும் எவரும் கை தூக்காமல் பெயர் கடந்துபோனவர்கள் இருந்தார்கள். அதைச் செல்போனில் சிரிக்கச் சிரிக்கக் காட்ட மாட்டார்கள். வத்தலக்குண்டு சந்தையில் நல்ல காளைக்கு ஒரு விலை கிடைப்பதால் சந்தைக்கு வந்த மாடெல்லாம் கொடுத்து வைத்தவை என்று யாராவது சொல்வார்களா?

ஒரு வாரம் கழித்துத் தாண்டிக்குடிக்கு மறுபடி போனபோது அந்தத் தம்பி நின்றிருந்தான். இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒன்று கேட்டான்: "அந்த மூணு பேக்கை வேலையை விட்டு நிறுத்துனாய்ங்களேண்ணே, அவய்ங்க அப்புறம் ஆடுனாய்ங்களா?"

ஆடினார்கள். பெரிய லீகிலேயே ஆடினார்கள். பில் ஒயிட் 1972-ல் கனடாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு மாஸ்கோவில் சோவியத் அணிக்கு எதிராகப் பேக்காக நின்றார்.

தம்பி சந்தா ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். கூடவே, கூலிப் பாக்கி வைத்திருக்கும் தோட்டத்தின் ஆள் கணக்கை ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொண்டுவருவதாகவும் சொல்லியிருக்கிறான்.